நிலச்சுவையும் திணையும்: தொண்டை நாட்டு மது மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

திராட்சை மதுவின் தன்மையை அது விளைந்த இடமே தீர்மானிக்கிறது என்னும் கருத்தைப் பிரெஞ்சு மொழியில் ‘டெர்வார்’ என்பர். மண், சரிவு, தட்பவெப்பம், அவ்விடத்தாரின் தொழில்மரபு ஆகியவை இதனுள் அடங்கும். இக்கட்டுரை இதனை ‘நிலச்சுவை’ எனக் குறிக்கிறது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பிரான்சு இதற்கு எல்லை வரையறையும் பெயருரிமையும் அளித்தது. நிலத்தோடு உணவையும் தொழிலையும் இணைக்கும் தமிழ்த் திணைக் கோட்பாட்டை இதற்கு நிகராகக் கொள்ளலாம் எனத் தோன்றும். அந்நிகர்ப்பாடு எவ்வளவு பொருந்தும் என்பதை, படாளம் முதலிய ஏரிப்பாசன ஊர்களையும் மாமல்லபுரக் கடற்கரையையும் உள்ளடக்கிய தொண்டை நாட்டுச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

யவன மதுவும் இடப்பெயரும்

இடத்தால் மதுவைத் தரம்பிரிக்கும் வழக்கம் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, ‘இயற்கை வரலாறு’ நூலின் 14ஆம் பகுதியில், பலேர்னிய மதுவிலேயே குன்றின் உச்சி, இடைப்பகுதி, அடிவாரம் ஆகியவற்றின் விளைவுகள் தனித்தனிப் பெயர் பெற்றதைக் குறிப்பிடுகிறார். ‘எரித்ரையக் கடலின் பெரிப்ளஸ்’, பரூச் துறைமுகத்தில் இத்தாலிய மதுவே பெரிதும் விரும்பப்பட்டது என்கிறது.

அம்மது தமிழகக் கடற்கரைக்கும் வந்தது. அரிக்கமேட்டின் ஆம்போரா சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில், கோஸ் தீவின் வடிவிலான மதுச் சாடிகளோடு ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றுக்குரிய சாடிகளையும் இனங்கண்டார். பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்திலும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழாய்வில் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. எனினும் ஓடு கிடைத்த இடமெல்லாம் மது அருந்திய இடமாகாது என்பதற்கு அரிக்கமேட்டின் எண்ணெய்ச் சாடிகளே சான்று.

கோஸ் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. அதனை இத்தாலியிலேயே செய்யும் முறையைக் கேட்டோ எழுதிவைத்துள்ளார். எனவே ‘கோஸ்’ என்பது ஓர் இடத்தின் பெயராக மட்டுமன்றி ஒரு செய்முறையின் பெயராகவும் வழங்கியது.

தமிழ்ச் சான்றுகள்

புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலின் குளிர்ச்சியையும் மணத்தையும் பாடுகிறார். கொணர்ந்தோர் பெயர் உண்டு. விளைந்த ஊரின் பெயர் இல்லை. பாட்டு வணிகக் கணக்கன்று என்பதால் இவ்வின்மையை மட்டும் கொண்டு முடிவு காண இயலாது. உள்நாட்டு மது பற்றிய செய்திகளையும் இணைத்துக் காண வேண்டும்.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இதற்கு உதவுகிறது. வலைஞர் குடியில் குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, முளையைப் பொடித்துச் செய்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த மதுவை அந்நூல் படிப்படியாக விவரிக்கிறது. பொருள், கலம், காலம், கைவினை ஆகிய நான்கும் துல்லியமாக உள்ளன. நெல் எவ்வூர் வயலினது என்பது பேசப்படவில்லை.

அதே நூலில், ஆநிரை கவர்ந்து வந்த மறவர் அவற்றை நறவுக்கு விலையாகக் கொடுக்கின்றனர். இல்லத்தில் சமைத்த தோப்பியையும் பருகுகின்றனர். தோப்பி நெல்லால் ஆகிய கள் என்பது உரை மரபு. மருதத்தின் நெல் வன்புலத்தாரின் மதுவாகிறது. திணை எல்லைக்குள் மது அடங்கி நிற்கவில்லை.

முடிவுரை

திணை நிலவகையைச் சுட்டுவது. நிலச்சுவையோ ஒரு குன்றின் இரு சரிவுகளையும் வேறுபடுத்துவது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. தமிழ் மது மரபுக்கு நெருக்கமானது செய்முறையைப் பெயராக்கிய கோஸ் மரபே. இதற்குச் சொல்வழக்கும் துணைநிற்கிறது. திருமுருகாற்றுப்படையில் தேறல் மூங்கிற் குழாயில் ‘விளைகிறது’. பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மது சாடியில் ‘விளைகிறது’. பயிருக்குரிய வினைச்சொல் இங்குக் கலத்துக்கு உரியதாகிறது. ஐரோப்பிய மரபு விளைச்சலைத் தோட்டத்தில் கண்டது. தமிழ்ப் புலவர்கள் அதனைச் சாடிக்குள் கண்டனர். திணையை நிலச்சுவை என மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.