சிப்பாயின் எடையும் பையிலிருக்கும் ஒற்றனும்

கடற்கரைச் சாலையில் மாலைக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். அப்புறம் அது எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களின் ராஜ்யம். போன வாரம் காந்தி சிலையருகே நடந்துகொண்டிருந்தபோது, கூட வந்த நண்பரின் கையில் கட்டியிருந்த கருவி விர்ரென்று அதிர்ந்தது. "பத்தாயிரம் அடி ஆயிடுச்சு" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டாமா என்றேன். ஆட்டோ பிடிக்கலாம் என்றார்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965இல் ஒரு ஜப்பானியக் கம்பெனி அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு 'மான்போ-கெய்', அதாவது 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன கணக்கல்ல அது, விற்பதற்கு வைத்த பெயர்.

அடி எண்ணும் ஆசை அதற்கும் பழையது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் எத்தியென் ழுய்ல் மரே என்ற பெயர் எனக்குப் பழக்கம். 1870களில் இவர் ஒரு காலணி செய்தார். அடிப்பாகத்தில் காற்று நிரம்பிய அறை. பாதம் தரையை அழுத்தும்போது அந்தக் காற்று ரப்பர் குழாய் வழியாகப் போய், நடப்பவர் கையில் பிடித்திருக்கும் உருளையில், கரிப்புகை படிந்த காகிதத்தின் மேல் கோடு கிழிக்கும். 1882இல் பாரீசில், பிற்பாடு ரோலாண் காரோஸ் டென்னிஸ் மைதானம் வந்த பகுதியில், அரசாங்கப் பணத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, ழுவான்வீல் ராணுவப் பள்ளிச் சிப்பாய்களை நடக்கவும் ஓடவும் வைத்துப் பதிவு செய்தார். எப்படி நடந்தால் சிப்பாய் களைக்காமல் தூரம் போவான் என்பது ராணுவத்துக்கு வேண்டிய விஷயம். அன்றைய கவலை களைப்பு. கொழுப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சொல்லப்போனால் கொழுப்பு அன்று புண்ணியக் கணக்கில் இருந்தது. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் சேவித்த சொல்தாக்கள் குடும்பத்துக்கு ஒருவர் இருந்தார்கள். என் மாமா ஒருவர். உயரம், எடை, மார்புச் சுற்றளவு மூன்றையும் எடுத்தபோது, எடை குறைந்துவிடுமோ என்று பயந்து வாழைப்பழமாகத் தின்றுவிட்டுப் போன கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று அளவுகளையும் சேர்த்து 1901 வாக்கில் பிஞே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் ஒரு சூத்திரம் போட்டிருந்தார். உயரத்திலிருந்து எடையையும் மார்பளவையும் கழிக்க வேண்டும். பத்துக்குக் கீழே வந்தால் பலசாலி, முப்பத்தைந்தைத் தாண்டினால் உதவமாட்டான். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 50 கிலோ, மார்பு 82 சென்டிமீட்டர் என்றால் மீதி 33. அதே ஆள் தொப்பையில் ஐந்து கிலோ கூட்டிக்கொண்டால் கணக்கு 28க்கு இறங்கும். காகிதத்தில் முன்னைவிட பலசாலி!

அமெரிக்காவிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, சரியான சாப்பாடில்லாமல் வளர்ந்த இளைஞர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 1946இல் பள்ளிகளில் மதிய உணவுக்குச் சட்டம் போட்டார்கள். தேசப் பாதுகாப்புக்காக என்றே அதில் எழுதியிருக்கிறது. அறுபத்து நான்கு வருஷம் கழித்து, 2010இல், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சேர்ந்து இன்னொரு அறிக்கை வெளியிட்டார்கள். 17 முதல் 24 வயதுள்ள அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர், அதாவது தொண்ணூறு லட்சத்துக்கு மேல், படையில் சேர முடியாத அளவுக்குப் பருமன் என்று அதில் சொன்னார்கள். சேர்ந்தவர்களை நாடாவால் அளந்தார்கள். ஆண்களுக்குக் கழுத்தும் வயிறும், பெண்களுக்கு இடுப்பும் கூட. கழுத்து தடித்திருந்தால் வயிறு மன்னிக்கப்படும். 2023இல்தான் கழுத்தை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் அளக்க ஆரம்பித்தார்கள்.

நாடா எப்போதாவதுதான் வரும், கருவி கையிலேயே கிடக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. 2013இல் பென்டகன் பருமனைக் குறைக்கும் சோதனைத் திட்டமாக 2,500 ஃபிட்பிட் கருவிகளைப் படையினருக்குக் கொடுத்தது. செல்போனோடு சேர்ந்து வேலை செய்பவை. எத்தனை அடி, எவ்வளவு தூக்கம், எல்லாம் திரையில் வரும்.

பலன் உண்டா? படையினரிடம் அல்ல, சாதாரண ஜனங்களிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 2016இல் வந்தது. 471 இளம் வயதினர், இரண்டு வருஷம். எல்லோருக்கும் சாப்பாட்டு ஆலோசனை உண்டு. ஒரு பாதிக்கு நடுவில் கருவியும் கொடுத்தார்கள். கருவி கட்டாதவர்கள் சராசரி 5.9 கிலோ குறைந்தார்கள், கட்டியவர்கள் 3.5 கிலோதான். எனக்கு ஆட்டோ பிடித்த நண்பர் ஞாபகம் வந்தது.

எடை குறையாதது கூடப் போகட்டும். ஓட்டப் பிரியர்கள் தங்கள் தடத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி 2017 நவம்பரில் உலகப்படம் ஒன்றை வெளியிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை, எல்லோரும் ஓடிய வழிகள் ஒளிக்கோடுகளாக மட்டும் இருந்தன. பாரீஸ், லண்டன் எல்லாம் வெளிச்சக் காடு. சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனங்கள் இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்ன ஒளி வளையங்கள். 2018 ஜனவரியில் இருபது வயது ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னார்: முகாமின் சுவரை ஒட்டிச் சிப்பாய்கள் காலை ஓட்டம் ஓடிய தடம் அது. உடம்பைக் குறைக்க ஓடியவன் முகாமின் வரைபடத்தையே போட்டுக் கொடுத்துவிட்டான். அந்த ஆகஸ்டிலேயே போர்ப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதியை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தடை செய்தது.

தடை போட்டால் பழக்கம் போய்விடுமா? 2024 அக்டோபரில் 'லெ மோந்த்' எழுதியதைப் படித்தேன். பிரெஞ்சு ஜனாதிபதியின் மெய்க்காவலர்கள் ஓடிய தடங்களை வைத்து அவர் எங்கே தங்குகிறார் என்று கண்டுபிடிக்க முடிந்ததாம். அடுத்த ஜனவரியில் பிரெஸ்த் அருகே அணு நீர்மூழ்கிகள் நிற்கும் தளத்தைப் பற்றியும் அதே கதை. 2023 ஜூலையில் க்ராஸ்னதாரில் காலை ஓட்டத்தில் இருந்த ஒரு ரஷ்ய நீர்மூழ்கியின் முன்னாள் தளபதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தன் ஓட்டங்களை ஸ்ட்ராவாவில் போட்டு வந்தவர் என்று செய்திகள் வந்தன.

நான் குமாஸ்தா. முப்பத்தைந்து வருஷம் சேவைப் பதிவேடுகளைப் பார்த்தவன். ஒவ்வொருவரின் உயரமும் அங்க அடையாளமும் முதல் பக்கத்தில் இருக்கும். பீரோவில் பூட்டு, சாவி என்னிடம். யார் எடுத்தாலும் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாமாவின் மூன்று அளவுகளும் பிரான்சில் ஏதோ ஒரு கோப்புக்குள் தூங்குகின்றன. அவரை அளந்தவர் யார், எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பேரன் என் போனிலும் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் எங்கே நடக்கிறேன் என்பதை அது எழுதாதபடி நிறுத்தச் சொன்னேன். "தாத்தா, நீங்க என்ன மிலிட்டரியா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே நிறுத்தியும் கொடுத்தான். அடி மட்டும் எண்ணுகிறது. நேற்று 4,212.