எடுப்பில்லாத ஒரு நினைவுச் சின்னம்

1931 ஏப்ரலில் லண்டன் 'மார்னிங் போஸ்ட்' தினசரியில், ஆசிரியருக்கு வந்த கடிதங்களுக்கிடையே, கெய்ரோவிலிருந்து டோரதி ப்ரூக் என்ற பெண்மணி எழுதிய கடிதம் ஒன்று வெளிவந்தது. அவருடைய கணவர் ஜெஃப்ரி ப்ரூக், எகிப்திலிருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிகேடின் தலைவர். அந்த உத்தியோகத்தின் நிமித்தம் 1930இல் கெய்ரோ வந்து சேர்ந்தவர்கள். கடிதத்தின் விஷயம் சுருக்கமானது. முதல் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவம் எகிப்தில் விற்றுவிட்டுப் போன குதிரைகளில் பல நூறு இன்னும் உயிரோடிருக்கின்றன. எல்லாமே இருபது வயதைக் கடந்தவை. சில குருடு, பல நொண்டி, அநேகமாக எல்லாமே எலும்பும் தோலும். இவற்றை விலைக்கு வாங்கப் பணம் வேண்டும்.

வாங்கி என்ன செய்வது என்பதில்தான் இந்தக் கடிதம் மற்ற ஜீவகாருண்ய வேண்டுகோள்களிலிருந்து விலகுகிறது. இக்குதிரைகளை வாழவைக்கப் போவதாக ப்ரூக் எங்கும் சொல்லவில்லை. வலியில்லாத சாவு ஒன்றைத் தர உதவுங்கள் என்கிறார். அப்படிச் செய்வது, பார்வைக்கு எடுப்பாக இல்லாவிட்டாலும், யுத்த நினைவுச் சின்னத்தின் ஒரு பகுதியாக இருக்கத் தகுந்தது என்ற பொருளில் கடிதத்தை முடிக்கிறார்.

நூற்றுக்கணக்கில் என்று நினைத்து ஆரம்பித்த காரியம் மூன்று ஆண்டுகளில் 5,000 குதிரைகள் வரை போயிற்று. அவற்றில் பெரும்பாலானவை சில நாள் தீனிக்கும் ஓய்வுக்கும் பிறகு கொல்லப்பட்டன. மீட்பு என்ற வார்த்தையை இங்கே உபயோகிக்கலாமா என்று நான் சிறிது காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வருஷப் புறக்கணிப்புக்குப் பிறகு, மூன்று நான்கு நாள் வயிறார உண்டு, படுத்து, எழுந்து, செத்துப்போன ஒரு ஜீவன் எதிலிருந்து மீட்கப்பட்டது? அதை நினைவுகூர்கிறவன் எதை நினைவுகூர்கிறான்?

இக்குதிரைகள் எப்படி எகிப்தில் விடப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். சினாய், பாலஸ்தீனப் போர்முனைகளில் குதிரை இல்லாமல் யுத்தம் இல்லை. 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷெபாவில் ஆஸ்திரேலியக் குதிரைவீரர்கள் பாய்ந்து ஊரைப் பிடித்தது இன்றும் பேசப்படுகிறது. வெகுநேரம் தண்ணீர் காட்டப்படாத குதிரைகள் அவை. அந்த ஊரின் கிணறுகள் அன்றைய வெற்றியில் முக்கியமான பங்கு. யுத்தம் முடிந்ததும் கணக்கு வேறாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து கடல்கடந்து போன குதிரைகள் 1,30,000க்கு மேல். திரும்பி வந்தது ஒன்று. ஜெனரல் பிரிட்ஜஸ் என்பவரின் குதிரை, சாண்டி என்று பெயர். எஜமானர் 1915இல் கல்லிப்போலியில் காயம்பட்டு இறந்தார். குதிரை 1918இல் மெல்பர்ன் வந்து சேர்ந்தது. கண் மங்கி, தளர்ந்து, 1923இல் கொல்லப்பட்டது. அதன் தலை பாடம் செய்யப்பட்டு யுத்த நினைவகத்தில் சிலகாலம் வைக்கப்பட்டிருந்தது.

மற்றவை வராததற்குக் காரணம் கப்பல் செலவும், கால்நடை நோய் வந்துவிடும் என்ற பயமும். ஆகவே தரம் பிரித்தார்கள். வயதேறியவற்றையும் உடல் கெட்டவற்றையும் சுட்டார்கள். சுடுமுன் லாடத்தைக் கழற்றி, பிடரி மயிரையும் வால் மயிரையும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள், அவற்றுக்கு விலை உண்டு என்பதால். திடமாயிருந்தவை பிரிட்டிஷ், இந்தியப் படைப்பிரிவுகளுக்குப் போயின. பிரிட்டிஷ் ராணுவமும் தன்னிடம் மிஞ்சியதை எகிப்தியச் சந்தையில் விற்றது. நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். இந்தக் காரியத்தின் தர்க்கம் எனக்கு அந்நியமில்லை. வாங்கிய விலை ஒரு பக்கம், விற்ற விலை மறுபக்கம், வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்து கோடு இழுத்தால் கணக்கு முடிந்தது. யாரும் கொடுமை செய்ததாகச் சொல்ல முடியாது. எந்தக் கையெழுத்திலும் குரூரம் இல்லை. ஆனால் லண்டனில் கோடு இழுக்கப்பட்ட குதிரை கெய்ரோவில் இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் பாரம் இழுத்துக்கொண்டிருந்தது. பேரேட்டில் முடிந்துபோனது தெருவில் முடியவில்லை. ப்ரூக் செய்ததை இந்தக் கோணத்தில் சொல்வதானால், மூடப்பட்ட கணக்கை அவர் திரும்பத் திறந்தார்.

இலக்கியம் இந்த விஷயத்தை எப்படிக் கையாண்டது என்பதும் கவனிக்க வேண்டியது. 'ட்ரூப்பர் ப்ளூகம்' என்ற புனைபெயரில் எழுதிய ஆலிவர் ஹோக் என்ற ஆஸ்திரேலிய வீரர், தன் குதிரை கெய்ரோத் தெருவில் வண்டியிழுத்துச் சீரழிவதைவிடத் தானே சுட்டுவிடுவது மேல் என்ற உணர்வில் ஒரு கவிதை எழுதினார். 1919இல், ஊர் திரும்புமுன்பே, லண்டனில் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். அந்தக் கவிதையின் வழியாகவும் அதைப் போன்ற கதைகளின் வழியாகவும் ஒரு பிம்பம் நிலைபெற்றுவிட்டது. கண்ணில் நீர் மல்க வீரன் தன் குதிரையைக் கடைசியாகத் தடவிக்கொடுத்துச் சுடுகிறான். அப்படிச் சில நடந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் நடந்தது தரம்பிரித்தலும், உத்தரவும், அதை நிறைவேற்றிய பிரிவுகளும்தான். கவிதை ஒரு நிர்வாக முடிவைத் தனிமனித சோகமாக மாற்றிக் கொடுத்தது. கூடவே, விற்றவனை மறைத்துவிட்டு வாங்கியவனைக் கொடியவனாக நிறுத்தியது. நம் இரங்கற்பாக்களும் பெரும்பாலும் இதே சேவையைத்தான் செய்துவருகின்றன என்று எனக்குப் படுகிறது. துக்கப்படுகிறவனின் நேர்த்தி துல்லியமாகத் தெரியும். செத்தது எதனால் என்பது தெரியாது.

அந்த 'வாங்கியவன்' யார்? கெய்ரோவின் வண்டிக்காரன். ஒரே குதிரையை வைத்து ஒரு குடும்பத்தை ஓட்டுகிறவன். குதிரைக்குப் பட்டினி என்றால் அவன் வீட்டிலும் அடுப்பு எரிவது நிச்சயமில்லை. ப்ரூக் தரப்பிலிருந்து இவனிடமிருந்து குதிரையைப் பிடுங்கவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். குதிரையை எடுத்துக்கொண்டால் பிழைப்பும் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மெரினாவுக்குப் போகிற வழக்கம் உண்டு. அங்கே சவாரிக் குதிரை வைத்திருக்கும் பையன் ஒருவன். குதிரையின் இடது முன்னங்கால் சரியில்லை என்பது எனக்கே தெரிந்தது. கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். "லாடம் அடிக்க ஆள் கிடைக்கறதில்ல சார்" என்றான். என்ன வயசு என்றதற்கு, "தெரியாது சார், எங்கிட்ட வர்றப்பவே பெரிசுதான்" என்றான். அதன்பின் என் அதிகாரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரோ ஓட்டி முடித்து, யாரோ விற்று, கடைசியாக இவன் கைக்கு வந்திருக்கிறது. கடைசிக் கையைத்தான் நாம் பார்க்கிறோம்.

இதே கரையில்தான், சற்று வடக்கே, ஆஸ்திரேலியக் குதிரைகள் ஒரு காலத்தில் வந்து இறங்கின. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரை ஒட்டி 'வேலர்' என்று வழங்கிய அந்த ஜாதிக் குதிரைகளை இந்திய ராணுவம் ஏராளமாக வாங்கியது. 1834 வாக்கில் ஜே. பி. ஈஸ்ட் தீட்டிய ஓவியம் ஒன்றில், துறைமுகம் கட்டப்படாத சென்னையின் அலைகளுக்கு நடுவே அவை கரையேறுகின்றன. சுற்றிலும் கட்டுமரங்கள், ஒரு மசூலாப் படகு. பின்னால் எகிப்தில் விடப்பட்டவையும் இந்த ஜாதிதான். ஏகாதிபத்தியத்தின் குதிரை நமக்குத் தூரத்து விஷயமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ப்ரூக்கைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. அவர் ஆக்கிரமித்திருந்த ராணுவத்தின் தளபதியுடைய மனைவி. அவருடைய கடிதத்தில் இங்கிலாந்தின் பசும்புல் வெளியில் பிறந்த குதிரைகள் என்ற ஏக்கம் இருக்கிறது. அரசாங்கச் சொத்து என்பதற்காகக் குத்தப்பட்ட அம்புமுனை முத்திரையைப் பார்த்துத்தான் 'நம்முடையது' என்று அடையாளம் கண்டார்கள். பக்கத்திலேயே, அந்த முத்திரை இல்லாத எகிப்தியக் கழுதை அதே பாரத்தை, அதே வெயிலில், அதே பசியோடு இழுத்துக்கொண்டிருந்தது. அதற்காக லண்டனில் யாரும் காசோலை எழுதவில்லை. இது கருணையா, அல்லது தேசபக்தியின் இன்னொரு வடிவமா என்று காலனி நாட்டு வாசகன் கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. 1934இல், வாங்குவதற்கு யுத்தக் குதிரைகள் ஏறக்குறையத் தீர்ந்துபோன நிலையில், கெய்ரோவில் ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். பழைய யுத்தக் குதிரை நினைவு ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். நகரத்தில் உழைக்கும் எந்தக் குதிரைக்கும் எந்தக் கழுதைக்கும் இலவச வைத்தியம். முத்திரை தேவையில்லை. இந்த மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. செத்தவற்றின் பெயரில் கட்டியது, செத்தவற்றோடு சம்பந்தமில்லாத மிருகங்களுக்காக இயங்கியது. வண்டிக்காரன் குதிரையை விற்க வேண்டியதில்லை, கொண்டுவந்து காட்டினால் போதும். முதல் மூன்று வருஷத்தின் கருணைக்கு ஒரு தேசம் இருந்தது. அதன்பின் அது தேசத்தை இழந்துவிட்டது. ஐயாயிரம் குதிரைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கொன்ற அனுபவம் இல்லாமல் அந்த இடத்துக்கு அவர் வந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டுகளில் எகிப்தில் இன்னொரு நினைவுச் சின்னமும் எழுந்தது. 1932 நவம்பரில், கெய்ரோவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, போர்ட் சயீதில், பாலைவனக் குதிரைப்படைக்கான வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அடிபட்ட குதிரையின் பக்கத்தில் நிற்கும் நியூஜிலாந்து வீரனை, குதிரைமீதிருக்கும் ஆஸ்திரேலிய வீரன் காத்து நிற்கிறான். வீரர்கள் தங்களுடைய ஒருநாள் சம்பளத்தைக் கொடுத்து உருவான நிதி அது. அந்த உணர்வைப் பழிக்க எனக்கு மனமில்லை. திறந்துவைத்தவர் பில்லி ஹ்யூஸ். குதிரைகளைத் திரும்பக் கொண்டுவருவதில்லை என்று முடிவான காலத்தில் ஆஸ்திரேலியப் பிரதமராயிருந்தவர். வெண்கலக் குதிரைக்குத் திரை விலகிய அன்று, உயிருள்ள குதிரைகள் சில மணிநேரப் பயண தூரத்தில், குவளை வைக்கோலுக்கும் வழியில்லாமல் வண்டியில் பூட்டப்பட்டிருந்தன. இந்த இரண்டையும் யாரும் வேண்டுமென்று பக்கத்தில் வைக்கவில்லை. சரித்திரம் வைத்திருக்கிறது.

1956இல் சூயஸ் நெருக்கடியின்போது எகிப்தியர்கள் அந்தச் சிலையை உடைத்தார்கள். அவர்களுக்கு அது அந்நிய ராணுவத்தின் அடையாளம், உடைத்ததில் ஆச்சரியமில்லை. மிஞ்சியது ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, புதிதாக வார்த்த சிலைகள் 1964இல் ஆல்பனியிலும் 1968இல் கான்பெராவிலும் நிறுவப்பட்டன. குதிரைகளுக்குக் கிடைக்காத திரும்பும் பயணம் சிலைக்குக் கிடைத்தது. ப்ரூக் 1955இலேயே இறந்துவிட்டார். அவர் தொடங்கிய வேலை 1956ஐத் தாண்டியும் நின்றது. பிற்பாடு இந்தியா, பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளின் செங்கல் சூளைக் கழுதைகள்வரை பரவியது.

நினைவு என்ற சொல்லை நம் பத்திரிகைகளில் நாம் மிகச் சுலபமாகப் புழங்குகிறோம். இறந்தவரைப் பற்றி எழுதிவிட்டால் கடமை தீர்ந்ததாக ஒரு பாவனை. அந்த ஐயாயிரத்தில் ஒன்றிரண்டு தவிர எதற்கும் பெயர் தெரியாது. சாண்டியைப் போல எதன் தலையும் பாடம் செய்யப்படவில்லை. அவற்றைப் பற்றி நான் எழுதும் இந்தக் கட்டுரை அவற்றுக்கு ஒன்றும் செய்துவிடவில்லை என்ற கூச்சம் எனக்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைத் தேடினேன். இருந்தான். லாடம் அடிக்கிறவர் ஒருவரின் விலாசம் விசாரித்து வைத்திருந்தேன். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "சவாரி போறீங்களா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன்.