வயோதிகர் விற்கும் வீடு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வயது முதிர்ந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்க முற்படுகிறவர், முன்பணம் கொடுத்து, ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்போது, வழக்கறிஞரையும் நில அலுவலகத்தையும் நொந்துகொள்வது இயல்பே. ஆயினும் அந்தத் தாமதத்துக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதன் பெரும்பகுதி விற்பவரின் க்ஷேமத்தை உத்தேசித்தே உண்டானது.

சிலாங்கூரின் தலைநகரம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிய சில ஆண்டுகளுக்குப் பின், பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல், ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பதிவுமுறையைத் தழுவி, 1891இல் உரிமைப் பதிவுச் சட்டத்தை இங்கே நிலைநாட்டினார். பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துருவிப் பார்க்கும் சிரமம் இதனால் ஒழிந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர் என்றாயிற்று. லெபோ அம்பாங்கின் செட்டியார் கடைகளில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, ஈடாக வைத்துக் கடன் பெறுவது எளிதானதும், நிலம் கைமாறுவது விரைவானதும் இந்த முறையின் பலன்களே. ஆனால் நேர்மையானவனுக்கு அகலத் திறந்த வாசல் வஞ்சகனுக்கும் திறந்தே இருந்தது. ஒரு கிராண்டும் ஒரு கையெழுத்தும் கிடைத்துவிட்டால் பதிவேடு மாறிவிடும்.

அந்த ஆபத்து முதியோரிடமே மிகுதியாக வந்து சேர்ந்தது என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸின் வாழ்க்கையே காரணம் சொல்லும். ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் பணிக்காலம் முழுவதையும் குவார்ட்டர்ஸில் கழித்து, ஓய்வு பெறும் நாளில் அதைக் காலி செய்துவிட்டு, பென்ஷனையோ, 1951க்குப் பிறகு சேமநிதியில் திரண்ட தொகையையோ கொண்டு சொந்தமாக ஒரு வீட்டை வாங்கினார்கள். ஆயுட்கால உழைப்பு முழுவதும் அந்த ஒரு கிராண்டுக்குள் அடங்கியது. துணையை இழந்து, பிள்ளைகள் தூரதேசம் சென்றபின், அதையே விற்று மிச்ச நாட்களைக் கழிக்க வேண்டிய நிலை வருகையில், விலையில் ஏமாந்தால் ஈடுகட்ட அவருக்கு வேறு சொத்து ஏது?

இதை நம் பாட்டனார் காலத்துச் சட்டமே உணர்ந்திருந்தது என்பது எனக்குப் பெரிதும் திருப்தி அளிக்கிறது. 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1899இல் மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கு வந்து, இன்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமாக வழங்குகிறது. அதன் 16ஆவது பிரிவு, வயதாலோ பிணியாலோ மனத்திறன் குன்றியவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவர்மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. ஒப்பந்தம் நியாயமற்றதாகத் தோன்றினால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே.

ஆனால் போலிக் கையெழுத்து விஷயத்தில் 2000ஆம் ஆண்டில் நேர்ந்ததோ மிகக் கசப்பானது. தாய்லாந்துப் பெண்மணி பூன்சோம் பூன்யானிட் என்பவருக்குப் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் இருந்த நிலத்தை, அவரைப் போல வேஷமிட்ட ஒருவர் கையெழுத்திட்டு அடோர்னா என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட, வாங்கியவர் அறியாமல் வாங்கினார் ஆதலால் நிலம் அவருக்கே என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மை உடைமையாளர் ஒரு தவறும் செய்யாமலே நிலத்தை இழந்தார். 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அத்தீர்ப்பு பிழை என்று ஒதுக்கியது. போலிக் கையெழுத்தின் மூலம் நேரடியாக வாங்கியவர், நல்லெண்ணத்தோடு வாங்கியிருப்பினும், பாதுகாப்புப் பெற மாட்டார் என்பது அதன் பிறகு நிலைபெற்ற விதி. எனவே எச்சரிக்கை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் கவசம்.

இப்போது, நிலத்தை மாற்றிக் கொடுப்பதற்கான 14ஏ படிவத்தில் ஒரு மூதாட்டி பெருவிரல் ரேகை வைக்கும் காட்சியைக் கவனியுங்கள். உடன் வந்த மகனை வெளியே அமரச் சொல்லிவிட்டு, எந்த வீடு, என்ன விலை, விற்றபின் எங்கே தங்குவீர்கள் என்று ஜாக்கிரதையுள்ள வழக்கறிஞர் அவரையே கேட்கிறார். பதில் தெளிவாக வந்த பிறகே மைப்பெட்டியைத் திறக்கிறார். சந்தேகம் எழுந்தால் மருத்துவரின் சான்று வரும்வரை நிறுத்தி வைக்கிறார். மகனிடம் பவர் ஆப் அட்டர்னி இருந்தாலும், தாயின் புத்தி தெளிவிழந்தபின் அது பொதுவாகச் செல்லாது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றம் விசாரித்து, சொத்தை நிர்வகிக்க ஒரு குழுவை நியமித்தாக வேண்டும். இடையில் அவர் காலமாகிவிட்டால், வாரிசுகள் நிர்வாகப் பத்திரம் பெறும் வரை கிரயம் முடிவுபெறாது. குத்தகை நிலமாயின் மாநில அரசின் சம்மதத்துக்கும் தனியே காலம் செல்லும்.

ஆகவே, முதியவரிடம் வீடு வாங்கப் போகும் அன்பர்கள், வழக்கமான மூன்று மாதமும் நீட்டிப்பு ஒரு மாதமும் போதாது என்று எதிர்பார்த்து, கூடுதல் அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கறிஞரையே அவருக்கும் வைக்காமல், அவருக்கென்று தனியாக ஒருவரை அமர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். சாவியைக் கேட்கும் முன், அவர் குடிபோகும் இடம் தயாராகிவிட்டதா என்று ஒருமுறை நேரில் சென்று விசாரியுங்கள்.