பிழையும் திருத்தமும்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசி ஏட்டில், 'பிழை' என்றும் 'திருத்தம்' என்றும் இரண்டு பத்திகளாகப் பிரித்து, பக்க எண்ணும் வரி எண்ணும் கொடுத்து அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படிப்பவர் நம்மில் மிகச் சிலரே. அச்சுக் கோத்தவரின் அஜாக்கிரதைக்கு ஆசிரியர் செய்துகொண்ட பிராயச்சித்தம் என்று எண்ணி நாம் அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் புத்தகம் கைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தையே முதலில் தேடுகிற ஒரு கூட்டத்தாரும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் அதைப் படித்துவிட்டு மூடி வைப்பதில்லை. பேனாவை எடுத்து, தம்மிடமுள்ள பிரதியில் ஒவ்வோர் இலக்கமாகத் தேடிக் கண்டு அடித்துத் திருத்திய பின்னரே காரியத்தில் இறங்குவார்கள். வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். வணிகனுக்கு விலைவாசியும் உழவனுக்கு மழையும் எப்படி வர்த்தமானமோ, அப்படியே இவர்களுக்கு இன்ன வாய்பாட்டில் இன்ன இடத்தில் இன்ன இலக்கம் தவறு என்பது வர்த்தமானம். எண்வழிக் கணிப்பு என்னும் சாஸ்திரத்தின் செய்திகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த சரித்திரத்தைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், வழியெங்கும் நமக்குத் தென்படுவது இந்தப் பிழைப் பட்டியல்தான்.

இதற்குக் காரணம் எண்ணின் சுபாவத்திலேயே இருக்கிறது. செய்யுளில் ஓர் எழுத்து மாறிவிட்டால் எதுகையோ மோனையோ, அவை தவறினால் பொருளோ, அதைக் காட்டிக்கொடுத்துவிடும். படிக்கிறவன் தானே திருத்திக்கொண்டு மேலே போகிறான். எண்ணுக்கு அத்தகைய சாட்சி யாரும் இல்லை. 7 இருக்க வேண்டிய இடத்தில் 1 நின்றால், அந்த 1 மற்றெல்லா இலக்கங்களைப் போலவே யோக்கியமான முகத்தோடு நின்றுகொண்டிருக்கும். அதை நம்பித் தன் கப்பல் நிற்கும் இடத்தைக் கணித்த மாலுமிக்குப் பாறையில் மோதும் வரையில் சந்தேகம் தோன்ற நியாயமில்லை.

மைக்கேல் டெய்லர் என்பவர் கோணங்களின் சைன் முதலியவற்றுக்கு, விகலைக்கு விகலை மடக்கை கணித்து ஒரு பெரும் கிரந்தம் இயற்றினார். அது அச்சேறி முடிவதற்குள் அவர் காலமாகிவிட, 1792இல் லண்டனில் அது வெளிவந்தது. கடலோடிகளும் வான நூலோரும் அதைப் பெரிதும் போற்றினார்கள். 1832ஆம் ஆண்டுக்கான ஆங்கிலக் கடற்பஞ்சாங்கத்தில் டெய்லர் வாய்பாட்டிலுள்ள 19 பிழைகளுக்குத் திருத்தப் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. அந்தப் பட்டியலிலேயே ஒரு பிழை இருக்கக் கண்டு, 1833ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிட்டார்கள். அதுவும் தவறென்று தெரிய, இனி வெளிவரவிருந்த 1836ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில், 4 பாகை 18 கலை 3 விகலை என்றிருப்பதை 14 பாகை 18 கலை 3 விகலை என்று படிக்க வேண்டும் எனத் திருத்தத்தின் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் அச்சிட வேண்டும் என்ற நிலை வந்தது. டயோனீசியஸ் லார்ட்னர் என்பவர் 1834இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தக் கதையை நகைச்சுவையோடு எடுத்துரைத்துவிட்டு, கைக்கு அகப்பட்ட 40 வாய்பாட்டு நூல்களை ஆராய்ந்ததில், ஆசிரியர்கள் தாமே ஒப்புக்கொண்ட பிழைகள் மாத்திரம் 3,700க்குக் குறையவில்லை என்று கணக்குக் காட்டினார். சார்ல்ஸ் பாபேஜ் என்னும் மேதை 1821இல் தம் நண்பர் ஜான் ஹெர்ஷலோடு அமர்ந்து, வானியல் வாய்பாடுகளின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, பிழைக்குமேல் பிழையாக வந்ததில் சலித்துப்போய், இவற்றை நீராவியே கணித்துத் தரலாகாதா என்று ஏங்கியதும், அந்த ஏக்கத்திலிருந்து அவருடைய கணிக்கும் யந்திரத்தின் எண்ணம் உதித்ததும் யாவரும் அறிந்தவை. அவர் யந்திரத்தை விரும்பியதற்கு வேகம் மாத்திரம் காரணமன்று. கணித்த யந்திரமே அச்செழுத்தையும் பதித்துவிட்டால், மனிதக் கை இடையில் புகுந்து கெடுக்க இடமிராது என்பதும் அவர் கருத்து. யந்திரமோ அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. பிழைகளும் அவற்றின் பட்டியல்களும் முன்போலவே வளர்ந்துவந்தன.

எந்த வாய்பாடு எங்கே இருக்கிறது என்பதைக்கூட அறியாமல் ஒருவர் செய்ததையே இன்னொருவர் மறுபடி செய்து வீணாகிற நிலையைக் கண்டு, பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தார் 1871இல் கணித வாய்பாடுகளுக்கென்று ஒரு குழு அமைத்தார்கள். அதன் சார்பில் கிளெய்ஷர் என்பவர் 1873இல் வெளியிட்ட அறிக்கை, அதுவரை வெளிவந்த வாய்பாடுகள் பலவற்றை வகைப்படுத்திக் காட்டியது. புதிதாகக் கணிப்பதற்குமுன் முன்னோர் கணித்ததை அறிய வேண்டும், அறிந்ததை நம்புவதற்குமுன் சோதிக்க வேண்டும் என்ற இரண்டு தர்மங்களும் அந்தக் காலத்தில்தான் இந்தத் தொழிலில் வேரூன்றத் தொடங்கின.

வாய்பாடு என்பது மாலுமிக்கும் பொறியாளருக்கும் மாத்திரம் பயன்படுவதன்று. நம் கும்பகோணத்து ராமானுஜனின் வாக்கையே அது ஒரு முறை சோதித்திருக்கிறது. ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டுத்தொகைகளாகப் பிரிக்கலாம் என்பது பிரிவினைக் கணக்கு. 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 வகையாகப் பிரிக்கலாம். ராமானுஜனும் ஹார்டியும் 1918இல் இதற்கு ஓர் அற்புதமான சூத்திரம் கண்டபோது, அதைச் சோதிக்க உதவியது மேஜர் மக்மஹோன் 200 வரையில் கையால் கணித்திருந்த வாய்பாடு. 200க்குரிய 3,972,999,029,388 என்ற விடையும் சூத்திரமும் ஒத்துநின்றன. அதே வாய்பாட்டைக் கூர்ந்து நோக்கி, 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளால் இந்த எண்கள் வகுபடும் விதத்தைப் பற்றி ராமானுஜன் பொதுவான ஓர் அனுமானத்தையும் வெளியிட்டார். அவர் மறைந்து ஆண்டுகள் பல சென்ற பின், பஞ்சாபைச் சேர்ந்த ஹன்ஸ்ராஜ் குப்தா அந்த வாய்பாட்டை 300 வரையில் நீட்டினார். 1934இல் சர்வதமன் சௌலா அதைப் பார்த்து, 243க்குரிய 133,978,259,344,888 என்னும் எண், அனுமானத்தின்படி 7இன் மூன்றாம் அடுக்காகிய 343ஆல் வகுபட வேண்டியிருக்க, வகுபடவில்லை என்று அறிவித்தார். மக்மஹோனின் வாய்பாடு இன்னும் 43 வரிகள் நீண்டிருந்தால் ராமானுஜனே அதைக் கண்டிருப்பார். இந்தச் செய்தியால் அவருடைய பெருமை எள்ளளவும் குறையவில்லை. எந்த அளவுக்கு அனுமானம் உண்மை என்பதை ஆராயப் புகுந்து, வாட்சன் 1938இல் 7இன் அடுக்குகளுக்குரிய சரியான விதியை நிறுவியதற்கு அந்தப் பிழையறிவிப்பே வாயிலாயிற்று.

அதே 1938ஆம் ஆண்டில், பெரும் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் வகுத்த திட்டங்களுள் ஒன்றாக, நியூயார்க் நகரத்தில் கணித வாய்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆர்னால்டு லோவன் தலைவராகவும், போலந்தில் பிறந்து அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற கெர்ட்ரூட் பிளாஞ்ச் அம்மையார் கணிதப் பொறுப்பை ஏற்றவராகவும் இருந்து நடத்திய அந்தக் கூடத்தில், உச்சத்தில் 450 பேர் வரையில் உட்கார்ந்து கணித்தார்கள். அவர்களிற் பலர் கூட்டல் கழித்தலுக்குமேல் அதிகம் அறியாதவர்கள். யந்திரங்களோ மிகக் குறைவு. பென்சிலும் காகிதமுமே முக்கிய கருவிகள். அப்படிப்பட்டவர்கள் செய்த கணக்கு ஏளனத்துக்கு இடமாகாமல் உலகப் புகழ் பெற்றதன் ரகசியம், சோதனையை அவர்கள் வேலையின் ஒரு பாதியாகவே வைத்திருந்ததுதான்.

அந்தச் சோதனைகளுள் ஒன்றை இங்கே சொல்லுவது தகும். வாய்பாட்டில் அடுத்தடுத்துள்ள எண்களின் வேறுபாட்டை எழுதி, அந்த வேறுபாடுகளின் வேறுபாட்டை எழுதி, இவ்வாறு நான்கு படி இறங்கினால், சரியான வாய்பாட்டில் எண்கள் படிப்படியாகச் சிறுத்து அமைதியடையும். எங்கோ ஓரிடத்தில் கடைசி இலக்கம் ஒன்றே ஒன்று கூடிப்போயிருந்தாலும், நான்காம் படியில் 1, −4, 6, −4, 1 என்று ஓர் அலை எழும்பி நின்று, பிழை இருக்கும் வரியை விரலால் சுட்டுவதுபோலக் காட்டிவிடும். எண்ணுக்குச் சாட்சி இல்லை என்று முன்னே சொன்னேன். பக்கத்திலுள்ள எண்களையே சாட்சிக்கு அழைக்கிற வித்தை இது.

இவ்வாறு பல நாடுகளிலும் வாய்பாடுகள் பெருகிய காலத்தில், யுத்தத்தின் நடுவே 1943 ஜனவரியில், அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் ஒரு காலாண்டுப் பத்திரிகை தோன்றியது. 'கணித வாய்பாடுகளும் கணிப்புக்கான பிற துணைகளும்' என்பது அதன் பெயரின் பொருள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆர். சி. ஆர்ச்சிபால்டு அதன் ஆசிரியர், டி. எச். லேமர் அவருக்குத் துணை. புதிய வாய்பாடுகளின் மதிப்புரை, அச்சாகாமல் கையெழுத்தாகவே கிடக்கும் வாய்பாடுகளைப் பற்றிய குறிப்பு, கணிக்கும் யந்திரங்கள், கேள்வி, பதில் என்று அதில் பல பகுதிகள் இருந்தன. ஆனால் தொழிலறிந்தவர்கள் ஆவலோடு எதிர்பார்த்தது 'வாய்பாட்டுப் பிழைகள்' என்ற பகுதியையே. யார் எழுதிய நூலாயினும், அது நூறாண்டு பழையதாயினும், நேற்று வெளிவந்ததாயினும், கண்டவர் பெயரோடு பிழை அங்கே அச்சாகும். ஆசிரியரே தம் பிழையைத் தாமே எழுதியனுப்புவதும் உண்டு. அதை ஒருவரும் அவமானமாகக் கருதவில்லை.

அந்தப் பத்திரிகையின் ஆரம்ப காலத்தில் நடந்த பெரிய செய்தி பை என்னும் எண்ணைப் பற்றியது. இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் பள்ளி நடத்திவந்த வில்லியம் ஷாங்ஸ், தம் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு, 1873இல் பையின் தசம இலக்கங்கள் 707 வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்குமேல் யாரும் அதை மறுத்திலர். 1937இல் பாரீஸ் நகரத்து விஞ்ஞான மாளிகை ஒன்றில், வட்டமான ஓர் அறையின் சுவரைச் சுற்றி அந்த இலக்கங்களை மரத்தில் செதுக்கிப் பதித்தும் வைத்தார்கள். ஃபெர்குசன் என்ற ஆங்கிலேயர் வேறொரு சூத்திரத்தால் அதைச் சோதித்துப் பார்த்து, 528ஆம் இடத்திலிருந்து எல்லாம் தவறு என்று 1946இல் தெரிவித்தார். அமெரிக்காவின் ரென்ச் 1947இல் 808 இடங்கள் கணிக்க, அதில் 723ஆம் இடத்துக்கருகே ஒரு பிழையை அதே ஃபெர்குசன் கண்டுபிடித்தார். பிழை கண்டவரும் பிழை செய்தவரும் பகைத்துக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்தே திருத்திய இலக்கங்களை 1948இல் அந்தப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். பாரீஸ் சுவரிலும் 1949இல் மர இலக்கங்களை மாற்றிப் பதித்தார்கள்.

அதே 1949இல் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி 70 மணி நேரத்தில் பையின் 2,037 இலக்கங்களைக் கணித்துவிட்டது. வாய்பாடுகளின் யுகம் அஸ்தமிக்கத் தொடங்கியது. நியூயார்க் திட்டத்தின் பரம்பரையில் வந்தவர்கள் தம் அனுபவத்தையெல்லாம் திரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் 1964இல் வெளியிட்ட கணிதச் சார்புகளின் கையேடு அந்த யுகத்தின் சிகரமும் முடிவுமாக அமைந்தது. ஆர்ச்சிபால்டின் பத்திரிகையும் 1960இல் 'கணிப்பின் கணிதம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. வாய்பாட்டின் இடத்தைக் கணிப்பொறி நிரல்கள் பெற்றன. நிரல்களுக்கும் பிழை உண்டு, அந்தப் பிழைக்கும் அறிவிப்பு வேண்டும். 1980களில் ஸ்டான்போர்டின் ஜீன் கோலப் இத்துறை அறிஞர்களின் மின்னஞ்சல் முகவரிகளையெல்லாம் ஒரு தொகுப்பில் சேர்த்துவைத்தார். ஜாக் டொங்காராவும் எரிக் குரோஸும் 1985இல் தொடங்கிய நெட்லிப் என்னும் களஞ்சியம், ஒரு வரிக் கடிதம் அனுப்பியவருக்கு அவர் கேட்ட நிரலை, மனிதர் யாரும் தலையிடாமல் அனுப்பிவைத்தது. மாநாடு, வேலைவாய்ப்பு, புதிய நூல், மூத்தோர் மறைவு ஆகிய செய்திகளைக் கிளீவ் மோலர் வாரந்தோறும் தொகுத்து அனுப்பிவந்தார்.

1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடைகள் பொருந்தவில்லை. தம் நிரலையும் சாதனங்களையும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக ஐயுற்று, ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் குற்றம் கணிப்பொறிக்குள் இருந்த பென்டியம் என்ற சில்லின் வகுத்தலிலேயே இருக்கிறது என்று தீர்மானித்து, அக்டோபர் 30ஆம் தேதி சிலருக்குக் கடிதம் எழுதினார். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் அந்தச் சில்லு 1.33374 என்று கூறுவதை டிம் கோ என்பவர் காட்டினார். மோலரும் ஆராய்ந்து எழுதினார். தயாரித்த இன்டெல் நிறுவனத்தார் அந்தக் குறையை முன்பே அறிந்திருந்தும் வெளியிடாமல் இருந்தவர்கள்; டிசம்பர் 20ஆம் தேதி, கேட்டவர்க்கெல்லாம் வேறு சில்லு தருவதாக அறிவித்தார்கள்; அதற்காக அவர்கள் எழுதிக்கொண்ட நஷ்டம் 47.5 கோடி டாலர்.

பிழைக்குக் காரணம் யாது? வகுத்தலைச் செய்வதற்காக அந்தச் சில்லுக்குள் பதித்திருந்தது ஒரு வாய்பாடு. 1,066 இடங்களில் எண் இருக்க வேண்டிய அந்த வாய்பாட்டில் 5 இடங்கள் வெறுமையாக விடுபட்டுப் போயிருந்தன. டெய்லரின் காலத்து வாய்பாடு மறையவே இல்லை. மாலுமியின் மேஜையிலிருந்து இறங்கி, நகக்கண் அளவுள்ள சில்லுக்குள் குடிபுகுந்திருந்தது, அவ்வளவே. ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. டெய்லரின் நூலை வைத்திருந்தவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தம் பிரதியில் தாமே திருத்திக்கொண்டார். சில்லை வைத்திருந்தவருக்கு அந்த ஐந்து இடங்களில் எழுதப் பேனா இல்லை. அவர் கையில் மிஞ்சியது, பிழை இன்ன இடத்தில் இருக்கிறது என்னும் அறிவிப்பு ஒன்றுதான்.