காரைக்குடி வீணை மரபும் வீட்டில் வீணையைப் பேணும் முறையும்

முன்னுரை

காரைக்குடி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவன பெரிய வீடுகள், ஆத்தங்குடி ஓடுகள், செட்டிநாட்டுச் சமையல் ஆகியவை. இசை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் முதலில் ஒரு வீணை மரபையே நினைவூட்டும். காரைக்குடி சகோதரர்கள் என்று அழைக்கப்பட்ட சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் இந்த ஊரின் பெயரைத் தென்னிந்திய இசை வரலாற்றில் நிலைக்கச் செய்தார்கள்.

வீணையின் வரலாற்றை எழுதுவோர் கலைஞர்களையும் பாணிகளையும் பற்றி விரிவாக எழுதுகிறார்கள். அந்தக் கருவி வீட்டில் எப்படிக் காக்கப்பட்டது, அதற்கு என்னென்ன துணைப்பொருள்கள் தேவைப்பட்டன என்பதை எழுதியவர்கள் குறைவு. பேணப்படாத வீணை சில ஆண்டுகளிலேயே வாசிக்க முடியாத நிலையை அடைந்துவிடும். எனவே வரலாற்றையும் பராமரிப்பையும் சேர்த்தே இக்கட்டுரை விளக்குகிறது.

மேள வீணையின் தோற்றம்

இன்று நாம் காணும் 24 மெட்டுகள் கொண்ட வீணை, தஞ்சை நாயக்கர் காலத்தில் வடிவம் பெற்றது என்று இசை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இரகுநாத நாயக்கர் 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்டார். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் இசையிலும் வல்லவர். அதற்கு முன்பு இராகத்திற்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிகளுக்கு 24 மெட்டுகளை நிலையாகப் பதித்தபின், எல்லா இராகங்களையும் ஒரே அமைப்பில் வாசிக்க முடிந்தது. இந்த வீணைக்கு அரசரின் பெயரால் இரகுநாத மேள வீணை என்ற பெயரும் உண்டு. மெட்டுகளை மெழுகில் பதிக்கும் வேலையை இன்றும் 'மேளம் கட்டுதல்' என்றே சொல்கிறார்கள்.

தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. பண்ருட்டிப் பகுதிப் பலாவை இதற்குச் சிறந்ததாகக் கருதுகிறார்கள். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை எனப்படும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

காரைக்குடி சகோதரர்கள்

காரைக்குடி சகோதரர்களின் குடும்பம் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்து வந்த குடும்பம் அது. செட்டிநாட்டுத் தனவணிகர்களின் ஆதரவு இருந்த காலத்தில் சகோதரர்கள் காரைக்குடியில் வாழ்ந்தார்கள். அதனால் ஊர்ப்பெயரே அவர்களுக்கு அடைமொழியானது. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார். இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி வாசிப்பார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்களுக்கு மிருதங்கம் வாசித்திருக்கிறார்.

அண்ணனின் மறைவுக்குப் பின் சாம்பசிவ ஐயர் (1888–1958) தனியே மரபைத் தொடர்ந்தார். ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1952-இல் சங்கீத நாடக அகாதமி விருதும் சங்கீத கலாநிதி விருதும் அவருக்குக் கிடைத்தன. ரங்கநாயகி ராஜகோபாலன், ராஜேஸ்வரி பத்மநாபன், காரைக்குடி சுப்பிரமணியன் ஆகியோர் இம்மரபைத் தொடர்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

இந்தப் பாணியின் சிறப்புகள் அழுத்தமான மீட்டு, தெளிவான தானம், கட்டுக்கோப்பான வாசிப்பு என்பவை. அழுத்தமாக மீட்டினால் கருவியின் குறைகளும் அழுத்தமாகவே கேட்கும். ஒரு மெட்டு சற்றே சாய்ந்திருந்தாலும் தந்தி அதில் உரசி இரையும். ஆகவே இத்தகைய வாசிப்புக்கு வீணை எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வீணையின் எளிதில் பழுதாகும் உறுப்புகள்

வீணைக்கு ஏழு தந்திகள் உண்டு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் நான்கும் மெட்டுகளின் மேல் செல்பவை. பக்கவாட்டில் உள்ள மூன்றும் தாளத் தந்திகள். இவற்றைத் தாங்கும் உறுப்புகளில் நான்கைக் கவனிக்க வேண்டும்.

1. மெழுகு: தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துச் செய்யப்படுவது. 24 மெட்டுகளும் இதில்தான் நிற்கின்றன. வெப்பத்தில் இளகும், நாள்பட்டால் காய்ந்து வெடிக்கும்.

2. மெட்டுகள்: உலோகத்தால் ஆனவை. தந்தி அழுந்தி அழுந்தி இவற்றில் பள்ளம் விழும்.

3. குதிரை: குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் உறுப்பு. இதன் உலோகத் தகட்டில் தந்தி அறுத்துத் தடம் உண்டாக்கினால் நாதம் குன்றும்.

4. பிரடைகள்: தந்தியை முறுக்கும் மர முளைகள். மழைக்காலத்தில் உப்பி இறுகும். கோடையில் சுருங்கி நழுவும்.

கிட்டாரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கிட்டாரின் மெட்டுகள் மரத்தில் வெட்டிய காடிகளில் அடித்து இறுக்கப்பட்டவை. வெயில் பட்டால் உடனே இடம் மாறுவதில்லை. வீணையின் மெட்டுகளோ மெழுகில் நிற்பவை. கிட்டாருக்குப் பல்சக்கரம் உள்ள முறுக்காணிகள் இருக்கின்றன. வீணையின் பிரடை மரமும் மரமும் உரசும் பிடிப்பிலேயே நிற்கிறது.

செட்டிநாட்டு வெயிலும் வீடும்

சிவகங்கை மாவட்டம் வறண்ட பகுதி. சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் கடுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வரும். இவ்விரண்டும் மரக்கருவிக்குப் பகை. பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் கனமானவை. சுண்ணாம்புப் பூச்சு உடையவை. முற்றத்தின் வழியாகக் காற்று வரும். உள்ளறைகளில் வெப்பம் விரைவாக ஏறி இறங்காது. இன்றைய கான்கிரீட் வீட்டின் மேல்மாடி அறையில் அந்த வசதி இல்லை.

இதற்கு என் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. என் அக்கா திருமணத்திற்கு முன் வீணை கற்றவர். அவர் வெளியூர் போனபின் அந்த வீணையை உறை போட்டுப் பரணில் ஏற்றியது நான்தான். மேலே இருந்தால் பத்திரம் என்று எண்ணினேன். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு அக்கா ஊருக்கு வந்து, "என் வீணை எங்கே தம்பி?" என்று கேட்டபோதுதான் இறக்கினேன். ஓட்டுக்கூரையின் வெப்பத்தில் மெழுகு இளகி, மெட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாரணித் தந்தி தொட்டதும் துரு உதிர்ந்து அறுந்தது. அக்கா எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் யாளி முகத்தைத் துடைத்தார்.

மேளம் கட்டுபவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். அவர் குடத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் நல்லா இருக்கு சார். வாசிச்சுக்கிட்டே இருந்திருந்தா இந்த வேலையே வந்திருக்காது" என்றார். வீணை பிழைத்தது. நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் அக்காவின் விரல்களுக்குப் பழைய வேகம் வரவில்லை. ஆனாலும் சரளி வரிசையிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறார்.

வீட்டில் இருக்க வேண்டிய பொருள்கள்

வீணை வைத்திருக்கும் வீட்டில் பின்வருவன ஒரு சிறு பெட்டியில் இருப்பது நல்லது. இவற்றுள் பல வீட்டிலேயே கிடைக்கும்.

1. பருத்தித் துணி: பழைய வேட்டித் துணியே போதும். இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று மரத்திற்கு, மற்றொன்று தந்திக்கு. தந்தி துடைத்த துணியில் எண்ணெயும் கறையும் இருக்கும். அதை மரத்தில் பயன்படுத்தக் கூடாது.

2. மென்மையான தூரிகை: மெட்டுகளுக்கு இடையே படியும் தூசியை எடுக்க உதவும். விரலையோ குச்சியையோ விட்டால் மெழுகு பெயரும்.

3. மாற்றுத் தந்திகள்: சாரணிக்கு இரண்டாவது கைவசம் இருக்க வேண்டும். தந்தியின் கனத்தைக் குறிக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவைத்தால் வாங்கும்போது குழப்பம் வராது.

4. சிறு குறடு: தந்தியின் முனையை வளைக்கவும் மிச்சத்தை நறுக்கவும் தேவை.

5. சாக்குக்கட்டியும் உலர்ந்த சோப்புத் துண்டும்: நழுவும் பிரடையில் சாக்குத்தூளைத் தடவினால் பிடிக்கும். இறுகித் திரும்ப மறுக்கும் பிரடையில் சோப்பை இலேசாகத் தேய்த்தால் இளகும். எண்ணெய் விடக் கூடாது. மரம் ஊறிப் பிடிப்பே போய்விடும்.

6. எண்ணெய்க் கிண்ணம்: தந்தியில் விரல் வழுக்கிச் செல்ல இடக்கை விரல்களில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம். பஞ்சில் நனைத்து வைத்தால் அதிகமாக ஒட்டாது.

7. சுருதிப்பெட்டி: கைப்பேசிச் செயலியும் உதவும். சுருதி சேர்க்க மட்டுமின்றி மெட்டுகளைச் சோதிக்கவும் இது தேவை.

8. உறையும் சமுக்காளமும்: வெறுந்தரையில் வைத்தால் குடம் அடிபடும். பெட்டியில் வைக்கும்போது உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழக்கம்.

கிட்டார் வைத்திருக்கும் மாணவர்களுக்கும் துணி, குறடு, மாற்றுத் தந்தி, சுருதிக் கருவி, உறை ஆகியவை இதே போலத் தேவைப்படும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி உள்ள கிட்டாருக்கு, அதற்குரிய அறுகோணச் சாவியும் வேண்டும். அதைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் ஆசிரியர் முன்னிலையில் செய்வதே நல்லது.

துருவும் அதன் காரணமும்

எஃகுத் தந்தி ஏன் துருப்பிடிக்கிறது? நம் விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு கலந்த ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் இரும்பைத் தாக்கும்போது மின்வேதி வினை நிகழ்ந்து துரு உண்டாகிறது. இத்தகைய உலோக அரிமானத்தை ஆராயும் புகழ்பெற்ற நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. ஊர்மக்கள் அதை 'சிக்ரி' என்பார்கள்.

அறிவியல் இவ்வளவு விரிவானது என்றாலும் வீட்டில் செய்ய வேண்டியது எளிது. வாசித்து முடித்தவுடன் ஒவ்வொரு தந்தியையும் துணியால் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைக்க வேண்டும். மறுநாள் துடைப்பதில் பாதிப் பயன்தான்.

பராமரிப்பு முறை

தினமும்: வாசிக்கும் முன் கை கழுவுதல், பின் தந்தி துடைத்தல், உறையிடுதல்.

வாரம் ஒருமுறை: தூரிகையால் மெட்டுகளுக்கு இடையிலுள்ள தூசியை எடுத்தல், குதிரை இடம் மாறியுள்ளதா எனப் பார்த்தல்.

மாதம் ஒருமுறை: மெட்டுச் சோதனை. சாரணியைச் சுருதியில் சேர்த்து, முதலில் வெறும் தந்தியை மீட்ட வேண்டும். பிறகு 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்ட வேண்டும். அது சரியான மேல் ஸட்ஜமாக ஒலிக்க வேண்டும். 24-ஆம் மெட்டு அதற்கும் அடுத்த ஸட்ஜம். இவை பிசகினால் மேளம் கலைந்திருக்கிறது என்று அறியலாம். மரத்தில் நுண்துளைகளோ மாவு போன்ற தூளோ தென்பட்டால் வண்டு விழுந்திருக்கிறது என்று பொருள்.

தந்தி மாற்றும்போது எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. தந்திகளின் அழுத்தம் நீங்கினால் குதிரை இடம் பெயரும். ஒன்றைக் கழற்றி, அதற்குப் புதியதைக் கட்டிய பின்பே அடுத்ததைத் தொட வேண்டும்.

செய்யக் கூடாதவை

வீணையை வெயிலிலோ மூடிய காரிலோ விட்டுச் செல்லக் கூடாது. ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மண்ணெண்ணெய், உப்புத்தாள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது. பளபளப்புக்காக வண்ணமோ வார்னிஷோ பூசக் கூடாது. பூச்சு தடித்தால் மரத்தின் அதிர்வு குறையும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மெழுகைச் சூடாக்கி மெட்டுகளை நாமே நகர்த்தக் கூடாது. மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு இடத்தையும் உயரத்தையும் முடிவு செய்கிறார். ஒரு மெட்டு சற்று உயர்ந்தால் அதற்கு முந்தைய மெட்டில் அழுத்தும்போது தந்தி இதில் உரசும். 24 மெட்டுகளும் ஒன்றுக்கொன்று இணங்கி நிற்க வேண்டும் என்பதால் இது பல ஆண்டுப் பயிற்சி வேண்டும் தொழில்.

முடிவுரை

பாணி குருவிடமிருந்து சீடருக்கு வாய்வழியாகவும் கைவழியாகவும் வருகிறது. அதை ஏற்றுக்கொள்ள ஒரு நல்ல கருவி வீட்டில் இருக்க வேண்டும். கருவி நன்றாக இருக்க, அதைச் செய்பவரும் மேளம் கட்டுபவரும் தொழிலில் நீடிக்க வேண்டும். வாசிக்கப்படும் வீணைகள் குறைந்தால் அவர்களுக்கு வேலை குறையும். அவர்கள் குறைந்தால், பழுதான வீணைகள் வரவேற்பறையின் அழகுப் பொருள்களாகிவிடும்.

பரணில் வீணை உள்ள வீடுகள் நம் பகுதியில் இன்னும் இருக்கக்கூடும். இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இருந்தால், முதலில் அதைக் கீழே இறக்கி, நிழலான அறையில் வைத்து, ஒரு பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். மற்ற வேலைகளை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.