மருந்தைக் காத்தோம், கலப்பவரைக் காத்தோமா?
புற்றுநோய் மருந்தும் மருத்துவமனை ஊழியர் கண்காணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் செவிலியர், மருந்தாளுநர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் உடலில் அம்மருந்து சேர்கிறதா என்று கண்டறியும் முறைகள் 1979 முதல் வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அளவீடு ஊழியரின் உடலை விட்டுப் பணியிடத்துக்கு நகர்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தையும் அதை அடுத்த காஞ்சிபுரத்தையும் முன்வைத்துப் பார்த்தால், இந்தியச் சட்டம் இம்மருந்தை ஆலையிலும் கழிவுத் தொட்டியிலும் கண்காணிக்கிறது. இடையில் அதைக் கலக்கும் கையைக் கவனிக்கத் தவறுகிறது என்பதே இதன் வாதம்.

1. போர் நஞ்சு மருந்தான கதை

முதல் உலகப் போரில், 1917-இல், பெல்ஜியத்துப் போர்முனையில் வீசப்பட்ட கடுகு வாயு மனிதரின் வெள்ளணுக்களை அழித்தது. அதன் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டை 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படுத்திப் பார்த்தனர். போர் ரகசியம் என்பதால் முடிவுகள் 1946-இல்தான் அச்சேறின. இன்றும் புழக்கத்தில் உள்ள சைக்ளோபாஸ்பமைடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. செல்லின் டி.என்.ஏ.வைப் பிணைத்து அது பெருகுவதைத் தடுப்பது இதன் வேலை. நல்ல செல்லையும் இது விட்டுவைப்பதில்லை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்கள் அடங்கிய முதல் தொகுதியில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இம்மருந்தையும் வைத்துள்ளது.

தமிழகத்தில் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. 1969-இல் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை உருவானது. கீமோ சிகிச்சை பரவிய அந்த ஆண்டுகளில், மருந்தைக் கலப்பவரின் பாதுகாப்பு உலகில் எங்குமே பெரிய கேள்வியாக எழவில்லை.

2. உடலை அளந்த காலம்

கேள்வியை எழுப்பியவர்கள் பின்லாந்துக்காரர்கள். ஒரு பொருள் மரபணு மாற்றத்தைத் தூண்டுமா என்று பாக்டீரியாவைக் கொண்டு அறியும் சோதனையை புரூஸ் ஏம்ஸ் 1973-இல் வகுத்திருந்தார். காய் ஃபால்க் குழுவினர் அதைக் கீமோ செவிலியரின் சிறுநீரில் செய்து பார்த்தனர். மருந்தைத் தொடாதவர்களின் சிறுநீரைவிட இவர்களுடையதில் அத்தூண்டல் கூடுதலாக இருந்தது. 1979-இல் ‘லான்செட்’ இதழில் வந்த அந்தச் சிறு குறிப்பே இத்துறையின் தொடக்கம்.

மருந்து கலக்கும் பெட்டியின் மீதும் பார்வை விழுந்தது. அதுவரை பயன்பட்ட பெட்டிகளில் சுத்தக் காற்று பின்னிருந்து முன்னால் வீசியது. மருந்தில் கிருமி சேராது. ஆனால் தெறிக்கும் துளிகள் எதிரே நிற்பவரின் முகத்துக்கு வரும். மேலிருந்து கீழாகக் காற்று இறங்கும் பெட்டிக்கு மாறியதும் சிறுநீரில் அத்தூண்டல் குறைந்ததை 1982-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 1985-இல் 17 பின்லாந்து மருத்துவமனைகளை ஆராய்ந்த ஷெரி செலவன் குழு, கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்ட செவிலியரிடம் கருச்சிதைவுக்கான வாய்ப்பு விகிதம் 2.3 என்று பதிவுசெய்தது.

ஆனால் ஏம்ஸ் சோதனையில் ஒரு குறை இருந்தது. புகைபிடிப்பவரின் சிறுநீரும் அதே விளைவைக் காட்டும். எந்த மருந்து உள்ளே போனது என்பதும் தெரியாது.

3. மேசையை அளந்த காலம்

1990களில் நெதர்லாந்தின் பால் செசிங்க் சைக்ளோபாஸ்பமைடையே சிறுநீரில் நேரடியாக அளந்தார். மருந்தைக் கலக்காதவர்களிடமும் அது தென்பட்டது. அப்படியானால் காற்று மட்டும் காரணமல்ல; மேசை, கைப்பிடி, தரை வழியாகத் தோலில் ஏறுகிறது என்ற முடிவு வலுப்பெற்றது.

கலக்கும் முறையைப் பார்த்தால் காரணம் புரியும். தூள் மருந்துள்ள குப்பிக்குள் ஊசியால் உப்புநீரை ஏற்றும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது. அதைச் சமன்செய்யாமல் ஊசியை உருவினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் ரப்பர் மூடி வழியே பீறிடும். அவை கையுறையில் படிந்து, அங்கிருந்து டிரிப்ஸ் பைக்கும் பேனாவுக்கும் தொலைபேசிக்கும் போகும்.

துடைப்புச் சோதனை இதைத்தான் பிடிக்கிறது. குறிப்பிட்ட பரப்பை ஈரத்துணியால் துடைத்து, ஆய்வகத்தில் நானோகிராம் கணக்கில் அளப்பார்கள். 1999-இல் தாமஸ் கானர் குழு அமெரிக்கா, கனடாவின் ஆறு மையங்களில் இப்படிச் சோதித்தபோது, மருந்தகப் பகுதி மாதிரிகளில் 75 சதவீதத்திலும் மருந்து ஏற்றும் இடத்து மாதிரிகளில் 65 சதவீதத்திலும் மருந்து இருந்தது. ஆலையிலிருந்து வந்த புதுக் குப்பிகளின் வெளிப்புறத்திலேயே மருந்து ஒட்டியிருந்ததையும் பல ஆய்வுகள் காட்டின. அத்தோடு இதைச் செவிலியரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாத நிலை வந்தது.

2004-இல் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருந்துத் தரநூலின் 800ஆம் அத்தியாயம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைப்புச் சோதனையைப் பரிந்துரைக்கிறது.

4. நம் சட்டத்தின் பார்வை

போபால் பேரழிவுக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயகரமான தொழில்களின் பட்டியலில் மருந்து உற்பத்தியைச் சேர்த்தது. தொழிலாளருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையையும் உடல்நலப் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. மருந்து உற்பத்தி விதிகளின் எம் அட்டவணை, வீரியமிக்க மருந்துகளைப் பிறவற்றோடு கலக்காமல் தயாரிக்கச் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் ஆர்கிட் நிறுவனம் நிறுவி, 2010-இல் ஹாஸ்பிரா வாங்கி, பின்னர் ஃபைசர் வசமாகி, 2019-இல் மூடல் அறிவிக்கப்பட்ட ஊசிமருந்து ஆலை தயாரித்தவை நுண்ணுயிர்க்கொல்லிகள்தாம். புற்றுநோய் மருந்துகள் அல்ல. ஆயினும் ஒரு மருந்து மற்றொன்றில் கலக்காமல் அடைத்துக் காக்கும் தொழில்நுட்பம் இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல என்பதற்கு அது சான்று.

மறுமுனையில் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், மிஞ்சிய கீமோ மருந்தை 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்கச் சொல்கின்றன. ஆலைச் சட்டத்துக்கும் கழிவு விதிக்கும் இடையில்தான் செவிலியர் நிற்கிறார். கலக்கும் மேசையை அளக்கச் சொல்லும் பிரிவு இவ்விரண்டிலும் இல்லை. புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரிடம் டி.என்.ஏ. சேதம் கூடுதலாக இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2007-லேயே வெளியிட்டுவிட்டார்கள். மாவட்ட மருத்துவமனைகளிலெல்லாம் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. இனி இம்மருந்தைக் கலக்கும் கைகள் பெருகும்.

5. முடிவுரை

ஆண்டுக்கொரு பொது உடல் பரிசோதனை இதற்குப் போதாது. இரத்த அணு எண்ணிக்கை குறையும்போது காலம் கடந்திருக்கும். துடைப்புச் சோதனையே முதற்படி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வாங்கும் மருந்துகளைத் தொகுதிதோறும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறது. புற்றுநோய் ஊசிமருந்துக்கு மட்டும் குப்பியின் வெளிப்புறத் துடைப்புச் சோதனையையும் கொள்முதல் நிபந்தனையாகச் சேர்க்கலாம். ஒரகடத்தில் 350 ஏக்கரில் திட்டமிடப்பட்ட மருத்துவக் கருவிப் பூங்காவில், மருந்து கசியாத மூடிய இணைப்புக் கருவிகளுக்கு முன்னுரிமை தரலாம். காரப்பேட்டை போன்ற ஓர் அரசு மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேசையை அளந்து, முடிவை வார்டிலேயே ஒட்டிவைத்தால், தமிழகத்துக்கென ஓர் அடிப்படை அளவு கிடைக்கும். வரம்பு எது, பொறுப்பு யாருடையது என்ற சட்டக் கேள்விகளுக்கு விடை தேட அந்த எண்கள் வேண்டும்.