உற்பத்தித் தொழிலில் தொழிலாளர் தர அளவீடு

ஆலைத் தொழிலாளியின் திறமை, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றை எண்ணாகவோ குறியாகவோ பதிந்துவைக்கும் முறை இது. தொடக்க காலத்தில் நடத்தையைத்தான் அளந்தார்கள். திறமை பின்னால் வந்தது.

ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையை 1800இல் நிர்வகிக்கத் தொடங்கிய ராபர்ட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். ஏறக்குறைய இரண்டு அங்குல நீளம், நான்கு பக்கமும் நான்கு நிறம். கறுப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. முந்தைய நாள் நடத்தைக்கேற்ற நிறம் முன்னால் தெரியும்படி மேற்பார்வையாளர் கட்டையைத் திருப்பிவைப்பார். அது பேரேட்டிலும் ஏறும். தரப்பட்ட நிறம் நியாயமில்லை என்று பட்டால், பேரேட்டில் ஏறுமுன் தொழிலாளி ஓவனிடமே முறையிடலாம். பின்வந்த முறைகள் பலவற்றில் இந்த உரிமை இல்லாமற்போனது பெரிய இழப்பு.

அமெரிக்கரான ஃபிரெடரிக் டெய்லர் வேகத்தை அளந்தார். 1899இல் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஓர் ஆள் நாளொன்றுக்குச் சுமந்த இரும்புக் கட்டிகளின் எடை 12½ டன்னிலிருந்து 47½ டன்னாக உயர்ந்ததாக 1911இல் வெளியிட்ட நூலில் எழுதினார். கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலரானது, அவ்வளவுதான்.

பொருளியலாளர்கள் தாமதமாகவே வந்தார்கள். 1909–1949 காலத்தில் அமெரிக்காவில் ஒரு மணி உழைப்பில் விளைந்த உற்பத்தி இரட்டிப்பானதில் எட்டில் ஏழு பங்குக்கு மூலதனப் பெருக்கம் காரணமில்லை என்று ராபர்ட் சோலோ 1957இல் கணக்கிட்டார். மூலதனத்தால் விளக்கமுடியாத அந்தப் பங்கில் உழைப்பின் தர உயர்வுக்கும் பங்குண்டு என்று டேல் ஜார்கன்சனும் ஸ்வி கிரிலிகஸும் 1967இல் வாதிட்டனர். கல்வி, வயது, பாலினம் எனத் தொழிலாளரைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் உழைப்பு நேரத்தையும் அதன் கூலியால் எடைபோடுவது இவ்வழி வந்த முறை. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் கிளெம்ஸ் என்ற உற்பத்தித்திறன் தரவுத்தளத்திலும் தொழிலாளர் தரக் கணக்கு உண்டு. கல்விநிலையே அதற்கு அடிப்படை.

கூலியை அளவுகோலாக்கியதுதான் இம்முறையின் பெருங்குறை. ஆணுக்கு நிகராக வேலைசெய்தும் குறைந்த கூலி பெறும் பெண்ணின் ஒரு மணி, தரம் குறைந்த மணியாகவே பதிவாகும். அவருக்கு இழைத்த அநீதி அவருடைய குறையாகக் கணக்கில் ஏறுகிறது.

ஷாப் ஃப்ளோரில் இன்று பரவலாக இருப்பது திறன் அட்டவணை. ஒவ்வொரு ஆபரேட்டர் பெயருக்கு எதிரேயும், அவர் அறிந்த வேலை ஒவ்வொன்றுக்கும் நான்கு கால்களாகப் பிரித்த ஒரு வட்டம் இருக்கும். கற்பவருக்குக் கால் வட்டம். பிறருக்குச் சொல்லித்தரக்கூடியவருக்கு முழு வட்டம். யாராவது விடுப்பெடுத்தால் அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று சூப்பர்வைசர் இதைப் பார்த்தே முடிவுசெய்வார். சம்பளத்துக்கு இது அளவுகோலாவது குறைவு. ஒரே வகை வேலைக்கு ஒரே கூலி என்று ஒப்பந்தத் தொழிலாளருக்கான 1971ஆம் ஆண்டு மத்திய விதிகள் வகுத்தும், முழு வட்டம் பெற்ற ஒப்பந்தத் தொழிலாளர் பலர் பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள்.